உள்ளத்தில் யாருக்கு எந்த இருக்கை?

மனிதன் தன்மீது தானே கொள்ளும் வெறுப்பைப் போல் ஆறாத புண் வேறில்லை. பிறர்மீது கொண்ட பகை, அவர் கண்ணுக்கு மறைந்தால் ஒருவாறு தணிந்துவிடும். தன்மீது கொண்ட பகைக்கு மறைவிடம் ஏது? அது படுக்கையில் உடன் படுக்கிறது. தொழுகை விரிப்பிலும் உடன் வந்து நிற்கிறது. இந்தப் புண்ணுக்கு மருந்தென ஓர் உளநல முறை மேலைநாட்டில் தோன்றி, இன்று நம் நாட்டிலும் படித்தவர் நடுவே பேசப்பட்டு வருகிறது. மனித உள்ளம் ஒற்றைப் பொருளன்று. பல கூறுகள் கூடி வாழும் ஒரு குடும்பம் அது. அக்கூறுகளுள் ஒன்றையும் விரட்டாமல் அனைத்தையும் ஏற்றுக்கொள்வதே நலத்தின் வழி என்பது அம்முறையின் சாரம். அமெரிக்காவைச் சேர்ந்த குடும்ப உளநல அறிஞர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் இதனை வகுத்தவர். 2021ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் பெயரே ‘தீய கூறு எதுவும் இல்லை’ என்று பொருள்படும் ‘நோ பேட் பார்ட்ஸ்’ என்பதாகும்.

இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் நம் குடும்பங்களில் இருவகைக் குரல் எழும். “அப்படியானால் பாவம் என்று ஒன்றில்லையா?” என்று மூத்தவர்கள் கேட்பார்கள். “இத்தனை காலம் என்னை நானே ஏசிக்கொண்டது வீண்தானா?” என்று இளையவர்கள் கேட்பார்கள். இரண்டும் நேர்மையான வினாக்களே. ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிட்டால் நூலுக்கும் நீதி செய்தவராக மாட்டோம். நம் மரபுக்கும் நீதி செய்தவராக மாட்டோம். ஆகவே நூலின் நெறியை நம்முடைய திருமறை, நம் ஞானியர், நம் தமிழ்ப் புலவர் ஆகியோரின் பக்கத்தில் வைத்து எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல் கூறும் நெறி

ஷ்வார்ட்ஸ் முதலில் குடும்பங்களுக்குச் சிகிச்சை அளித்தவர். ஒரு வீட்டில் மகன் தடம் மாறினால் மகனை மட்டும் பார்க்காமல், தந்தை, தாய், உடன்பிறந்தார் அனைவரிடையேயும் ஓடும் உறவுகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர் பயின்ற கலை. 1980களின் தொடக்கத்தில், அளவு கடந்து உண்பதும் பின்னர் அதனை வாந்தியெடுப்பதுமான நோயால் வருந்தியவர்களுக்கு அவர் உதவ முயன்றார். அவர்கள் தம் நிலையை விளக்கும்போது, தம்முள் ஒரு பகுதி உண்ணச் சொல்கிறது என்றும், இன்னொரு பகுதி உண்டதற்காகத் திட்டுகிறது என்றும், வேறொரு பகுதி அழுகிறது என்றும் கூறினர். அப்பகுதிகளை அடக்கிவிட அவர் தொடக்கத்தில் முயன்றார். அடக்க அடக்க அவை மூர்க்கமாயின. அதன்பின், அவை சொல்வதைக் கேட்கத் தொடங்கினார். வெளியே குடும்பத்தில் கண்ட உறவுகளையே உள்ளேயும் கண்டார். 1995இல் இம்முறையை விளக்கும் முதல் நூலை வெளியிட்டார். நாம் இதனை ‘அகக்குடும்ப முறை’ என்று தமிழில் வழங்கலாம்.

இக்குடும்பத்தில் மூவகை உறுப்பினர் உளர் என்பது அவர் கூற்று. இளமையில் பட்ட அவமானத்தையும் அச்சத்தையும் சுமந்துகொண்டு, வெளியே வரவொட்டாமல் உள்ளறையில் பூட்டப்பட்டவை ஒருவகை. அவற்றை விலக்கப்பட்டோர் எனலாம். அவை மீண்டும் காயம்படாதவாறு வாழ்வைக் கட்டுக்கோப்பாக நடத்துபவை இரண்டாம் வகை. அவற்றைக் காரியக்காரர் எனலாம். எப்போதும் முதலிடம் பெறத் துடிக்கும் குணம், யாருக்கும் ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியாத குணம், ஓயாமல் தன்னைக் கண்டித்துக்கொள்ளும் குணம் ஆகியவை இவ்வகையின. காரியக்காரரின் கட்டையும் மீறி உள்ளறையின் துயரம் பொங்கிவிட்டால், எவ்வழியிலேனும் அத்தீயை அணைக்க ஓடிவருபவை மூன்றாம் வகை, அவை தீயணைப்போர். குடி, அடங்காச் சினம், விடியும்வரை கைப்பேசியில் மூழ்கிக் கிடத்தல் முதலியன இவர்களின் தண்ணீர்க் குடங்கள். வீடு நனைந்து பாழாவதை அவர்கள் பார்ப்பதில்லை. தீ அணைந்தால் போதும் அவர்களுக்கு.

இம்மூவகையினருக்கும் அப்பால், எந்தக் காயமும் தீண்டாத ‘தான்’ என்னும் மையம் ஒவ்வொருவரிடமும் உண்டு என்கிறார் நூலாசிரியர். அமைதி, அறியும் ஆவல், பரிவு, தெளிவு, துணிவு முதலியன அதன் இயல்புகள். சிகிச்சை என்பது, அந்தத் ‘தான்’ ஒவ்வொரு கூறையும் அருகழைத்து, “நீ இதனைச் செய்யாவிட்டால் என்ன நேரும் என்று அஞ்சுகிறாய்?” என்று வினவி, அதன் விடையைப் பொறுமையாகக் கேட்டு, அது சுமக்கும் பழைய பாரத்தை இறக்கிவைக்க உதவுவதாகும்.

இம்முறைக்கு ஆய்வுச் சான்று சிறிதளவு உண்டு. முடக்குவாத நோயாளிகள் 79 பேரை இரு பிரிவாக்கி அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. இம்முறையில் பயின்ற பிரிவினர் தம் மூட்டுவலியும் மனச்சோர்வும் குறைந்ததாகவும், தம்மீது தமக்குப் பரிவு மிகுந்ததாகவும் தெரிவித்தனர். சிறிய ஆய்வுதான், அதனைக் கொண்டு பெரிய கோட்டை கட்டலாகாது. ஆயினும், நோயாளியை ஏசித் திருத்துவதினும் அவன் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது பலன் தரக்கூடும் என்பதற்கு அது ஒரு குறிப்பாகும்.

நம் ஊர் காட்டும் உருவகம்

சங்கரன்கோவிலில் இருந்து இதனை எழுதும் நமக்கு, இந்நூலைப் படிக்கையில் இவ்வூரின் பெயரே ஒரு விளக்கவுரையாகத் தோன்றுகிறது. இங்குள்ள புகழ்பெற்ற கோயிலின் வரலாறு அண்டை வீட்டாராகிய இந்துப் பெருமக்களின் மரபு. அதன் சமயப் பொருளை விளக்குவது நம் பணியன்று. எனினும் ஒரே தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவோர்க்கு அயலாரின் கதைகள் அந்நியமாக இருப்பதில்லை. சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள், சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடின என்பதும், இருவரையும் ஒரே உருவில் காண வேண்டிக் கோமதியம்மன் தவமிருந்தார் என்பதும், வலப்பாதி சங்கரனும் இடப்பாதி நாராயணனுமாக ஒரு வடிவம் தோன்றியது என்பதும் அக்கதை. ஆடித்தபசு விழா அத்தவத்தின் நினைவாகவே நடக்கிறது.

திறனாய்வாளன் இக்கதையில் காண வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அவ்வுருவில் இரு பாதிகளும் உருகிக் கலந்து மூன்றாவது ஒன்றாகிவிடவில்லை. ஒவ்வொரு பாதியும் தனக்குரிய அடையாளங்களுடனேயே நிற்கிறது. வழக்காடிய நாகங்களுக்கும் கதையில் இடமுண்டு. அவை கொல்லப்படவில்லை, அவ்வூரிலேயே தங்கின என்றுதான் கதை சொல்கிறது. வீட்டிலும் வயலிலும் பாம்பு, தேள் போன்றவற்றால் தொல்லையுறுவோர் அவற்றின் சிற்றுருவங்களை வாங்கிக் கோயிலில் செலுத்தும் வழக்கமும் இங்கே உண்டு. தம்மை அச்சுறுத்துவதன் உருவத்தைத் தாமே கையில் ஏந்திச் செல்லும் அச்செயலுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் வேறாக இருக்கலாம். நம் பொருளுக்கு அது ஓர் உருவகம்: அஞ்சியதை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அகக்குடும்ப முறையின் சிறப்பும் இதுவே. கூறுகளைக் கலந்து குழப்பிவிடாமல், ஒவ்வொன்றையும் தனித்துப் பார்க்கச் சொல்கிறது. ‘நான் சினக்காரன்’ என்பவனுக்கு விடுதலை இல்லை. ‘என்னுள் சினம் ஒன்று இருக்கிறது, அது எதையோ காத்து நிற்கிறது’ என்பவனுக்குப் பேச இடம் கிடைக்கிறது. இவ்வூரின் விசைத்தறிக் கூடங்களில் இழை அறுந்தால் யாரும் பாவையே வெட்டி எறிவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுகிறார்கள். தன்னை வெறுப்பவன் செய்வதோ, ஓர் இழைக்காகப் பாவு முழுவதையும் கிழிப்பது.

நஃப்ஸ் மூன்றா, ஒன்றா?

இனி நம் மரபுக்கு வருவோம். நம் மேடைகளில் ‘நஃப்ஸ்’ என்னும் சொல் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே ஒலிக்கிறது. நஃப்ஸைக் கொல்ல வேண்டும், மிதிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன்னுள் எழும் ஒவ்வோர் ஆசையையும் அச்சத்தையும் ஷைத்தானின் வாடகை வீடு என்றே எண்ணிக்கொள்கிறது. திருமறை இதனை எவ்வாறு கூறுகிறது என்று பொறுமையாகப் பார்ப்போமாயின், செய்தி வேறாக இருக்கிறது.

திருமறையில் நஃப்ஸ் மூன்று அடைமொழிகளோடு வருகிறது. தீமையைத் தூண்டுவதாக அது யூசுஃப் அத்தியாயத்தில் (12:53) சொல்லப்படுகிறது; இதுவே அம்மாரா. தன்னைத்தானே நொந்துகொள்வதாக அல்கியாமா அத்தியாயத்தில் (75:2) வருகிறது, இது லவ்வாமா. அமைதியடைந்ததாக அல்ஃபஜ்ர் அத்தியாயத்தின் இறுதியில் (89:27) அழைக்கப்படுகிறது, இது முத்மயின்னா. இவற்றை மூன்று தனித்தனி ஆன்மாக்களாகக் கொள்ளாமல், ஒரே ஆன்மாவின் மூன்று நிலைகளாகவே ஞானியர் பலரும் கொண்டனர். அப்படியாயின், தூண்டிய அதே நஃப்ஸ்தான் பின்னர் நொந்தது. நொந்த அதே நஃப்ஸ்தான் முடிவில் அமைந்தது. நடுவழியில் அதனைக் கொன்றுவிட்டிருந்தால், இறுதியில் பொருந்திய நிலையில் தன் இறைவனிடம் திரும்பி வருமாறு அழைக்கப்படுவது யார்?

இன்னொரு நுட்பமும் உண்டு. யூசுஃப் அத்தியாயத்தில் அந்தச் சொல்லைச் சொன்னவர் யார் என்பதில் விரிவுரையாளர்கள் இரு கருத்தினர். தவறிழைத்த அஸீஸின் மனைவியின் ஒப்புதல் அது என்று ஒரு சாராரும், தூயவராகிய நபி யூசுஃப் (அலை) அவர்களின் அடக்கமொழி அது என்று மற்றொரு சாராரும் கருதினர். தவறியவர் வாயிலும் பொருந்துகிறது. தவறாதவர் வாயிலும் பொருந்துகிறது. தன்னுள் தூண்டும் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது இழிந்தோர்க்கு மட்டும் உரிய செயலன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? அவ்வசனம் தூண்டுதலைச் சொன்ன கையோடு இறைவனின் அருளையும் மன்னிப்பையும் சொல்லி முடிகிறது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இவ்வளவில், மேலைநாட்டு நூலும் நம் மரபும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசக்கூடியவை என்றே கருதுகிறோம். ஆனால் திண்ணையோடு பேச்சு முடிந்துவிடவில்லை.

இமாம் கஸ்ஸாலியின் நகரம்

ஷ்வார்ட்ஸ் உள்ளத்தைக் குடும்பமாகக் கண்டார். அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) அதனை நகரமாகக் கண்டார். கல்பு அந்நகரின் அரசன். அறிவு அமைச்சன். ஆசை, நகருக்கு வேண்டிய உணவையும் பொருளையும் கொண்டுவந்து சேர்க்கும் பணியாளன். சினம், நகரைக் காக்கும் காவல் தலைவன். பணியாளன் பொய்யும் சூழ்ச்சியும் உடையவன்; காவலன் முரடன். ஆயினும் இவர்களில் ஒருவனையேனும் நாடுகடத்துமாறு இமாம் கூறவில்லை. ஆசையை அடியோடு அறுத்தால் மனிதன் உண்ணாமல் அழிவான், சந்ததியும் அற்றுப்போகும். சினத்தை அடியோடு அறுத்தால் தன்னையும் தன் வீட்டாரையும் காக்க மாட்டாதவன் ஆவான் என்று ‘இஹ்யா’ நூலில் விளக்குகிறார். சினம் மிகுவதைப் போலவே சினம் சிறிதும் இல்லாமையையும் அவர் குறையாகவே எண்ணுகிறார். வேறோரிடத்தில், அறிவை வேட்டைக்காரனாகவும், ஆசையை அவன் ஏறிய குதிரையாகவும், சினத்தை அவனுடன் ஓடும் நாயாகவும் உவமிக்கிறார். குதிரை பழகியதாகவும் நாய் பயின்றதாகவும் இருந்தால் வேட்டை கைகூடும். வேட்டைக்காரனே விழிப்பற்றவனாய், குதிரை முரண்டு, நாய் வெறிகொண்டால் அவன் உயிருக்கே இறுதி.

குடும்பம், நகரம் என்னும் இவ்விரு உருவகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் நம் விமர்சனத்தின் முடிச்சு அவிழ்கிறது. குடும்பத்தில் ஒவ்வொருவர்க்கும் அன்பு உண்டு. நகரத்தில் ஒவ்வொருவர்க்கும் அலுவல் உண்டு. அகக்குடும்ப முறை, வெறுக்கப்பட்ட கூறுக்கு அன்பைத் தருகிறது. நம் காலத்து மனிதனுக்கு அது பெரிதும் தேவைப்படுகிறது. இமாமின் நகரமோ, அக்கூறு எங்கே நிற்க வேண்டும், யார் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று வரையறுக்கிறது. அன்பு மட்டும் கிடைத்து அலுவல் கிடைக்காத கூறு, செல்லங்கொடுத்துக் கெட்ட பிள்ளையாகிவிடக் கூடும். அலுவல் மட்டும் கிடைத்து அன்பு கிடைக்காத கூறு, அடிமையாகி ஒருநாள் கலகம் செய்யும்.

நூலாசிரியரும் எக்கூறும் நினைத்ததைச் செய்யலாம் என்று எங்கும் சொல்லவில்லை. கூறு ஏற்ற பாத்திரமும் சுமந்த பாரமும் தீங்காக இருக்கலாம், கூறு தன்னளவில் தீயதன்று என்பதே அவர் வாதம். அவரை மேலோட்டமாகப் படித்து, ‘என் சினமும் என் கூறுதானே, அதனை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று மனைவி மக்களிடம் வாதிடுபவன், நூலையும் அறியாதவன், தன்னையும் அறியாதவன். ஏற்றுக்கொள்ள வேண்டியவன் அவன். அடிவாங்கும் வீட்டார் அல்லர்.

நம் கருத்து வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘தான்’ என்னும் மையம் எப்போதும் தெளிவானது, அதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை என்பதுபோல் நூல் பேசும் இடங்கள் உண்டு. இமாமின் அரசனோ தனி உரிமை பெற்றவன் அல்லன். அவனே ஒரு பொறுப்பாளன். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட நகருக்காகக் கணக்குக் கொடுக்க வேண்டியவன். இமாமுக்கு முன் வாழ்ந்த ஹாரித் அல்முஹாஸிபி (ரஹ்) (மறைவு 857) அவர்களின் பெயரே, தன்னைக் கணக்குப் பார்ப்பவர் என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. அமைதியாக உணர்வதும் நேர்மையாக இருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வட்டிக்குக் கொடுத்தவனும் அமைதியாக உறங்கக்கூடும். உள்ளமைதிக்கு மேலாக ஒரு துலாக்கோல் வேண்டும் என்பதில் நம் மரபு உறுதியாக நிற்கிறது. அதில் விட்டுக்கொடுக்க நமக்கு இடமில்லை.

அருகழைத்த அண்ணலார்

ஏற்பும் ஒழுக்கமும் ஒன்றையொன்று வெட்டும் வாள்கள் என்று எண்ணுவோர், முஸ்னத் அஹ்மதில் அபூஉமாமா (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். இளைஞர் ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து, தகாத உறவுக்கு அனுமதி கேட்டார். சூழ இருந்தவர்கள் அவரை அதட்டினர். அண்ணலாரோ அவரை அருகே வரச் செய்து அமர்த்தினார்கள். உன் தாய்க்கு இதனை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவினார்கள். இளைஞர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். பிறரும் அவ்வாறே தம் உறவினருக்கு விரும்பமாட்டார்கள் என்று உணர்த்திவிட்டு, அவர்மீது கைவைத்து, அவருடைய பிழை மன்னிக்கப்படவும் உள்ளம் தூய்மையடையவும் இறைஞ்சினார்கள். அதன்பின் அவர் மனம் அப்பக்கம் திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சியில் அனுமதி கிடைக்கவில்லை, அவமானமும் கிடைக்கவில்லை. இளைஞரின் ஆசை வாய்விட்டுப் பேசப்பட்டது, கேட்கப்பட்டது, அதன்பின் அவருடைய சொந்த நெஞ்சிலிருந்தே அதற்கு விடை வரவழைக்கப்பட்டது. அதட்டியவர்கள் ஒரு கூறை மட்டும் பார்த்தார்கள். அண்ணலார் அந்த இளைஞருக்குள் இருந்த மகனையும் அண்ணனையும் தட்டி எழுப்பினார்கள். ஷ்வார்ட்ஸின் நூலில் நாம் போற்றுவது யாதோ அதுவும் இங்கே இருக்கிறது. அதில் நாம் தேடுவது யாதோ அதுவும் இங்கே இருக்கிறது.

நம் புலவர்களின் உரையாடல்

தமிழ் முஸ்லிம் இலக்கியமும் வினாவை விரட்டாத இலக்கியம். நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள பழைய நூல்களுள் முன்னிற்பது வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிரம் மசலா’ (1572). அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அடுக்கிய வினாக்களும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளுமாகவே அந்நூல் அமைந்துள்ளது. கேட்க வந்தவரை ‘ஏன் கேட்டாய்?’ என்று வாயடைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ, இந்நூலிலிருந்து வந்ததன்று.

சங்கரன்கோவிலும் தென்காசியும் இன்று ஒரே மாவட்டத்தில் அமைந்தவை. அந்தத் தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருப்பவர் மெய்ஞ்ஞானப் புலவர் பீர்முஹம்மது அப்பா அவர்கள். அவர்களுடைய ‘ஞானப்புகழ்ச்சி’ தக்கலையில் ஆண்டுதோறும் நினைவு விழாவில் இரவெல்லாம் பாடப்படுவதை வாசகர் பலரும் அறிவர். நாம் இங்குக் கருத வேண்டியது அவர்களின் ‘ஞானரத்தினக் குறவஞ்சி’யை. குற்றாலச் சாரலில் குறவஞ்சி என்றால் காதலும் குறியும் சிங்கனும் சிங்கியுமாக மக்கள் சுவைத்த வடிவம். அவ்வடிவத்தை ஒதுக்காமல் எடுத்துக்கொண்டு, சிங்கனையும் சிங்கியையும் மெய்ஞ்ஞானம் பேச வைத்தார்கள் அப்பா அவர்கள். உள்ளத்தின் ஒரு பகுதி கேட்க, மற்றொரு பகுதி விடை பகர்வதாகவே அதனை நாம் படிக்கிறோம். இருவரும் ஒருவரையொருவர் வெல்வதற்காகப் பேசவில்லை. தேடிக் கண்டடைவதற்காகப் பேசுகிறார்கள். மலையும் காடும் அலையும் எளியவர்களை ஞானத்தின் வாயாக ஆக்கியதிலேயே, ‘தாழ்ந்ததிடம் கேட்க ஒன்றுமில்லை’ என்னும் செருக்குக்கு மறுப்பு அடங்கியிருக்கிறது.

குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் கண்ணிகளையும், நம் புலவர் பலர் பாடிய முனாஜாத்துகளையும் இந்நோக்கில் மறுமுறை படிக்க வேண்டுகிறோம். முனாஜாத்தில் புலவன் தன்னை அலங்கரித்துக்கொண்டு இறைவன்முன் நிற்பதில்லை. தன் ஆசை, சோம்பல், அச்சம், நன்றிகெட்டதனம் ஆகிய அனைத்தையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போய் நிற்கிறான். மறைத்து வைத்ததை யார் மன்னிப்பார்? காட்டியதற்கே மருந்துண்டு. மேலைநாட்டு நூல், கூறுகளைத் ‘தான்’ என்னும் மையத்தின் முன் கொண்டுவரச் சொல்கிறது; நம் முனாஜாத்து, அந்தத் ‘தானையும்’ சேர்த்து இறைவன்முன் கொண்டுவருகிறது. வேறுபாடு பெரிது. ஆயினும் கதவைத் திறக்கும் செயல் இரண்டிலும் ஒன்றே.

பேயின் பெயரில் பேசும் உள்ளம்

ஏடுகளில் இத்தனை செல்வம் வைத்திருக்கும் நாம், வீட்டில் என்ன செய்கிறோம்? இங்கேதான் நம் விமர்சனம் நம்மை நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது.

மனம் நொந்தோரைப் புனிதத் தலங்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் இவ்வட்டாரத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. இவ்வூரில் அம்மன் சன்னிதி முன்னுள்ள சக்கரப் பீடத்தில் அமரவைக்கிறார்கள். கடையத்தை அடுத்த பொட்டல்புதூர் முஹ்யித்தீன் ஆண்டவர் பள்ளிவாசலுக்குப் பல சமயத்தாரும் வருகிறார்கள். இத்தகைய இடங்களில், வீட்டில் வாய் திறவாத மருமகள் திடீரென்று உரத்த குரலில் பேசுவாள். அது அவள் குரலன்று, அவளைப் பிடித்ததன் குரல் என்பார்கள். “நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?” என்று அதனிடம் கேட்பார்கள். அது சொல்லும். தனக்குப் பசி என்று சொல்லும்; தன்னை யாரும் மதிக்கவில்லை என்று சொல்லும்; மாமியாரைப் பெயர்சொல்லி அழைத்து வசைபாடும். இந்திய உளப்பகுப்பாய்வு அறிஞர் சுதிர் காக்கர் (1938–2024), 1982இல் வெளியிட்ட தம் நூலில் டில்லியின் தர்கா ஒன்றையும் இராசஸ்தானத்தின் பாலாஜி கோயிலையும் ஆராய்ந்து, இக்குரல்களில் பல, நோயாளி தன்னுடையதென ஒப்புக்கொள்ள முடியாத விருப்பங்களே என்று காட்டினார். இந்து நோயாளிகள் பலரைப் பிடித்த ஆவி தன்னை முஸ்லிம் என்று கூறிக்கொண்டதையும் அவர் குறித்திருக்கிறார். தனக்குள் வைத்துக்கொள்ள வெட்கப்படுவதை மனிதன் அயலான் தலையில் ஏற்றிவிடுகிறான். நாமும் இதற்கு விலக்கானவர்கள் அல்லர். நம் பிள்ளை தவறினால் ‘யாரோடு சேர்ந்தான்?’ என்றுதானே முதலில் கேட்கிறோம்! உள்ளுக்குள் நாடுகடத்தப்பட்டது வெளியே பகைவனாகத் திரும்பி வருகிறது.

அத்தலங்களில் நடப்பதில் ஓர் உண்மை இருக்கிறது: அங்கேனும் அந்தக் குரல் கேட்கப்படுகிறது. ஒரு குறையும் இருக்கிறது: கேட்டபின் அது விரட்டப்படுகிறது. மருமகள் வீடு திரும்புகிறாள். அவளுடைய பசியும் மதிப்பின்மையும் அங்கேயே காத்திருக்கின்றன. அவள் தன் சொந்தப் பெயரில், தாழ்ந்த குரலில், அடுப்படியிலேயே அதனைச் சொல்லியிருக்க முடிந்தால், பேயின் பெயர் தேவைப்பட்டிருக்குமா? இந்த இடத்தில் அகக்குடும்ப முறை நமக்குத் தரும் பாடம் விலைமதிப்பற்றது. குரலை அதன் உரியவரின் குரலாகவே கேட்கவும், கேட்டபின் விரட்டாமல் வீட்டுக்குள் இடம் கொடுக்கவும் அது கற்பிக்கிறது.

கேளாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அங்கே மனநோயாளிகளுக்கென நடத்தப்பட்ட தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பலியாயின. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வழி தெரியாத தாய்தந்தையர், உடன்பிறந்தோர். அயலார் அறிந்தால் தங்கைக்கு மணம் கூடாதே என்று அஞ்சியோரும் அவர்களுள் இருந்திருப்பர். உள்ளத்தில் ஒரு கூறைப் பூட்டி வைக்கும் அதே வெட்கம்தான், குடும்பத்தில் ஒரு மனிதரைப் பூட்டி வைக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது. சட்டம் காலிலுள்ள சங்கிலியை அறுக்கலாம். வெட்கத்தின் சங்கிலியை நாம்தான் அறுக்க வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. இல்லாத குரல் காதில் கேட்பவர், உறக்கமின்றி நாள்கணக்கில் அலைபவர், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர் ஆகியோர்க்கு இந்நூலோ இக்கட்டுரையோ மருந்தாகாது. அவர்களைத் தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கடமை. 14416 என்னும் எண்ணில் அரசின் ‘டெலி மானஸ்’ உதவி 2022 முதல் கிடைத்து வருகிறது. துஆவும் தவாவும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல.

முடிபு

‘தீய கூறு எதுவும் இல்லை’ என்னும் நூலின் தலைப்பை நாம் அப்படியே ஏற்கிறோமா? ‘கேட்கத் தகாத கூறு எதுவும் இல்லை’ என்று அதனைத் திருத்தி ஏற்கிறோம். எல்லாக் கூறுகளுக்கும் உள்ளத்தின் அவையில் இருக்கை உண்டு. அரியணை எல்லாவற்றுக்கும் உரியதன்று. சினத்துக்கு வாயிற்படியில் இடமுண்டு, தீர்ப்பு வழங்கும் இடம் இல்லை. ஆசைக்குச் சமையற்கட்டில் இடமுண்டு, கருவூலத்தின் சாவி இல்லை. இளமையில் அவமானப்பட்டு அழும் சிறுபிள்ளைக்கோ, அரசனுக்கு மிக அருகில் இடமுண்டு. அதுவே நெடுங்காலம் வெளியே நின்றது.

மூத்தவர்களின் வினாவுக்கு விடை இது: பாவம் உண்டு, அதனைச் செய்த கை நம்முடையதே என்று ஏற்றுக்கொள்பவனே தவ்பாவின் வாசலை அடைகிறான். இளையவர்களின் வினாவுக்கும் விடை உண்டு: உங்களை நீங்கள் நொந்துகொண்டது முழுவதும் வீணன்று. நொந்துகொள்ளும் நஃப்ஸின்மீது இறைவன் ஆணையிட்டிருக்கிறான். ஆயினும் அது நடுவழிச் சத்திரம், குடியிருக்கும் வீடன்று. அங்கிருந்து எழுந்து அமைதி நிலையை நோக்கி நடக்க வேண்டும்.

அப்பயணத்தின் முதலடியைப் பெற்றோர் எடுத்துவைக்கலாம். இன்றிரவு பிள்ளை அழுதால், ‘அழாதே’ என்பதற்கு முன் ‘ஏன் அழுகிறாய்?’ என்று கேட்கலாம். தன் வீட்டில் கேட்கப்பட்ட பிள்ளைக்கே, பிற்காலத்தில் தன் உள்ளத்தையும் கேட்கத் தெரியும்.